ஜன்னல் பக்கம் திருப்பிய நாற்காலி

நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாயிற்று. போட்டது சென்னையிலிருந்து வந்திருக்கிற நிரஞ்சனா. சக்கரம் வைத்த நாற்காலிதானே, லேசாக ஒரு தள்ளு, அவ்வளவுதான்; நாச்சிமுத்து தன்னுடைய சொந்தக் கம்பெனியில், தன்னுடைய சொந்த மீட்டிங் ரூமில், தன் ஆட்களுக்கே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சார், இன்னிக்கு நீங்க இந்த ரூம்ல இல்ல. பேசக் கூடாது, திரும்பக் கூடாது, ஓகேவா?" என்றாள். சரி என்று அவர் தலையை ஆட்ட, "தலையும் ஆட்டக் கூடாது சார்" என்றாள். பின்னால் யாரோ சிரித்துப் பாதிச் சிரிப்பை விழுங்குவது கேட்டது. சாமியப்பனா? இல்லை, பட்டறையை மேய்க்கிற சாமியப்பன் சிரித்தால் மேஜை அதிரும். இது பாய். சாமான் வாங்குகிற பொறுப்பில் இருக்கிற அக்பர் அலி பாய் எதையும் பாதியில் நிறுத்துகிறவர், சிரிப்பு உட்பட. விசாலாட்சியாக இருக்க வழியில்லை, கணக்கையும் ஆபீஸையும் பார்க்கிற அவள் இந்த அறையில் சிரித்து அவர் கேட்டதில்லை. இந்த மூன்று பேரைத்தான் பூனாக்காரர்கள் உற்றுப் பார்க்கிறார்கள். கரூர் பைபாஸ் ஓரத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற இந்தப் பட்டறையை வாங்கிக்கொள்ள அவர்களுக்குச் சம்மதம், இடம் பிடித்திருக்கிறது, வேலை பிடித்திருக்கிறது, ஒரே ஒரு கேள்விதான் பாக்கி: நாச்சிமுத்து இல்லாவிட்டால் இங்கே முடிவெடுப்பது யார்? அதற்காக வரவழைத்ததுதான் நிரஞ்சனா. மூன்று பேரையும் முதலாளி மாதிரி யோசிக்க வைப்பதுதான் அவள் வேலை. அதற்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயரும் சொன்னாள், அவர் வாயில் நிற்கவில்லை. இன்றைக்குப் பேசி முடிக்க வேண்டியது இரண்டு விஷயம். முதலாவது ஸ்கூல் பஸ். இரண்டாவது நாச்சிமுத்து. கம்பெனி கைமாறிய பிறகும் ரெண்டு வருஷம் ஆலோசகர் என்று இதே அறையில் அவர் உட்காரலாமா, வேண்டாமா? கம்பெனியை நடத்தப் போகிறவர்கள் சொல்லட்டும், அதன்படி எழுதிக்கொள்ளலாம் என்று பூனாவிலிருந்து சொல்லிவிட்டார்கள். அவரும் பெரிய மனசு பண்ணிச் சரி என்றார். இவங்க என்னத்த மாத்திச் சொல்லிரப் போறாங்க என்கிற தைரியம். வீட்டில் மனைவி சரஸ்வதியிடம் "இன்னம் ரெண்டு வருசம் போகோணும், உட மாட்டேங்கறாங்க" என்று அலுத்துக்கொண்டதும் ஆயிற்று.

ஜன்னலுக்கு வெளியே புதுச் சேஸிஸ்கள் வரிசையாக நின்றன. எஞ்சினும் சக்கரமும் ஸ்டியரிங்கும், மேலே ஒன்றும் கிடையாது. இதில் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தவன் முகத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்க்காமலே நிழலில் மல்லாந்து கிடந்தான். வழியெல்லாம் வெயிலும் புழுதியும் நேரே மூஞ்சியில் அடித்திருக்கும், தூங்கட்டும் பாவம். வெல்டிங் சத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை, சாப்பாட்டு நேரம் முடியவில்லையோ என்னவோ. முடிந்துவிட்டதென்றால் சாமியப்பன் இங்கே உட்கார்ந்திருப்பதால் அங்கே ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை என்று அர்த்தம். சொல்ல வேண்டும். சொல்லக் கூடாது. போன வாரம் அவரை இப்படித் திருப்பி வைக்கவில்லை, பேசாமல் இருந்தால் போதும் என்று மேஜையின் தலைமாட்டிலேயே உட்கார வைத்திருந்தாள். பிளைவுட் விஷயம் ஓடியது. லோடு நல்ல லோடு, விலையும் நியாயம், பாய் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். நடுவில் இவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். அவ்வளவுதான். "அப்ப இந்த லோடு வேண்டாமுங்க" என்று பாய் பேப்பரை மடக்கிவிட்டார், மற்ற ரெண்டு பேரும் ஆமாங்க ஆமாங்க என்றார்கள். நிரஞ்சனா ஒன்றும் புரியாமல் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தாள். பிறகு தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள், மூன்று பேரும் ஒரே பாடத்தை ஒப்பித்திருக்கிறார்கள். அய்யா கண்ணாடியைக் கழட்டினா வேண்டாம்னு அர்த்தம். காது மடலைத் தடவினா விலையக் கொறச்சுப் பாருன்னு அர்த்தம். தொண்டையைச் செருமினா முடிஞ்சுது, போயி வேலையப் பாரு. அவளே வந்து சொன்ன பிறகுதான் இப்படியொரு பாஷை தன் உடம்பிலிருந்து இத்தனை காலமாகப் புறப்பட்டுக்கொண்டிருந்தது நாச்சிமுத்துவுக்கே தெரியும். அட கருமமே என்று இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பெருமை என்றதும் ஆஸ்பத்திரிக் கதையை அவளிடம் எடுத்துவிட்டார். பித்தப்பை ஆபரேஷனுக்காக அவர் கோயமுத்தூரில் படுத்திருந்தபோது, ஒரு பஸ்ஸுக்குக் கதவில் எந்தக் கீல் போடுவதென்று தெரியாமல் சாமியப்பனும் பாயும் ரெண்டு கீலையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வார்டுக்கே வந்துவிட்டார்கள், மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் இவர் ஒன்றைத் தொட்டுக் காட்டினார், நர்ஸ் திட்டினாள். எந்தக் கல்யாண வீட்டில் சொன்னாலும் பந்தியே குலுங்கிச் சிரிக்கிற கதை. நிரஞ்சனா சிரிக்கவில்லை. "சார், தயவுசெஞ்சு இதை மட்டும் பூனால சொல்லிடாதீங்க" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

பின்னால் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஸ்கூல் பஸ். ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடம், பள்ளி திறப்பதற்குள் எல்லா வண்டியும் வேண்டும், சேஸிஸ் வந்ததே லேட்டு. பாதி வண்டி ரெடி, மீதி பாதி பெயிண்டுக்கு முன்னால் பட்டி பூசித் தேய்த்துக்கொண்டிருக்கிற நிலைமை. "பட்டி முழுசாக் காயோணும்னு பாத்தா ஆகாதுங்க. வெயில்ல நிறுத்தி ஒரு காய்ச்சல் காயவெச்சு மேல்கோட்டு அடிச்சுரலாம், பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் சாமியப்பன். பாக்கறதுக்குத் தெரியாதாம். நாச்சிமுத்துவின் கை தானாகக் கண்ணாடிக்குப் போய், பாதியில் ஞாபகம் வந்து, மோவாயைச் சொறிந்துவிட்டு மடியில் இறங்கியது. மோவாய்க்கு என்ன அர்த்தம் வைத்திருக்கிறார்களோ. ஒரு மழைக்காலம் போதும், ஜன்னலுக்குக் கீழே பெயிண்ட் பொரிபொரியாக எழும்பி, பிள்ளைகள் நகத்தால் உரித்து உரித்து எடுக்கும், அந்த வண்டி ஊர் ஊராகப் போய் நம்ம பெயரைச் சொல்லும். டேய் சாமியப்பா, உனக்குத் தெரியாதாடா இது. தெரியும். நல்லாத் தெரியும். தெரிந்தேதான் சொல்கிறான், ஏனென்றால் இத்தனை வருஷமும் தப்பான யோசனையைச் சொல்வது அவன் வேலையாகவும், அதை வேண்டாம் என்பது இவர் வேலையாகவும் இருந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல ஆள் இருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். இது அவருக்கு இப்போதுதான், இந்த ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. பின்னால் பேச்சு நின்றுபோயிருந்தது. முதுகைப் பார்க்கிறார்கள். சட்டைக்குள் முதுகு குறுகுறுத்தது, ஃபேன் காற்றா பார்வையா தெரியவில்லை. ஐந்து நிமிஷம் இவரை விட்டிருந்தால் இந்த விஷயத்தை எப்படி முடிப்பார் என்று அவருக்குத் தெரியும்: நாலு சத்தம் போட்டு, ராத்திரி ஷிப்ட் வைத்து, ஆளுக்கொரு பரோட்டாப் பொட்டலம் வாங்கிக் கொடுத்து, எப்படியோ தள்ளிவிடுவார், தேதி தவறினது கிடையாது, ஆட்கள் மட்டும் அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு நடைபிணமாகத் திரிவார்கள். "ஏனுங் சாமியண்ணா," என்று விசாலாட்சியின் குரல் வந்தது, "உங்க பேத்தி அந்த வண்டியில போறதுன்னா காயாத பட்டி மேல மேல்கோட்டு அடிப்பீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் அவளே மேலே பேசினாள். "பள்ளிக்கூடத்துக்காரங்களுக்குப் போன் போட்டு உள்ளதைச் சொல்லிரலாமுங்க. ரெடியான வண்டியக் குடுப்போம். மிச்சத்துக்கு அது முடியற வரைக்கும் டிராவல்ஸ்ல வண்டி பேசி நம்ம செலவுல உடலாம். பாய், உங்களுக்குத் தெரிஞ்ச டிராவல்ஸ் இருக்குதுல்ல?" இருக்கிறது என்றார் பாய், தன் மச்சானே வைத்திருப்பதாகச் சொன்னார், மச்சான் என்பதாலேயே அவனிடம் பேச மாட்டேன், வேறு ஆளைப் பிடிக்கிறேன் என்றார். வாடகைக்கு வண்டி. தேதி தப்பிவிட்டது என்று நாமே போன் போட்டுச் சொல்வது. நாச்சிமுத்துவின் புத்தியில் இது செத்தாலும் வந்திருக்காது. வந்திருந்தால் கௌரவக் குறைச்சல் என்று தள்ளியிருப்பார். நல்ல யோசனைதான் என்று மனசு சொன்னது, சொன்ன மனசின் மேல் அவருக்குக் கோபம் வந்தது. பின்னால் முடிந்தேவிட்டது, அடுத்ததுக்குப் போகலாம் என்று நிரஞ்சனா சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் தொண்டையைச் செருமாமல் ஒரு விஷயம் முடிந்திருக்கிறது.

தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள் என்று கொஞ்சம் இடைவெளி விட்டாள். டம்ளர் சத்தம். அவருக்கு ஒருத்தரும் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை, அவர்தான் அறையில் இல்லையே. இல்லாமல் இருப்பது இப்படித்தான் இருக்கும்போல, தாகம் மட்டும் இருக்கிறது. சரஸ்வதி கேட்டது நினைவு வந்தது. விற்கப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு அவள் அழவில்லை, சண்டை போடவில்லை, கீரை ஆய்ந்துகொண்டே, "வித்துப்போட்டு வூட்டுல உக்காந்து என்ன பண்ணுவீங்க, என்னைய மேய்ப்பீங்களா?" என்றாள். கேலிதான், ஆனால் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விற்காமலும் முடியாது. மகள் பெங்களூரில் பல் டாக்டர், அப்பா இந்தச் சத்தத்துல எனக்குத் தலைவலி வருது என்று பத்தாம் வகுப்பிலேயே சொன்னவள், அவளை இழுத்துவந்து இங்கே உட்கார வைக்க முடியாது, வைத்தாலும் ஆகாது. அப்படியானால் விற்பது நியாயம். விற்றுவிட்டு இங்கேயே உட்கார்ந்திருப்பது? அது என்ன நியாயம் என்று அவர் இதுவரை தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, இப்போதும் கேட்க வேண்டாம் என்று ஜன்னலைப் பார்த்தார். காலையில் எழுந்தால் எங்கே போவது? அதுதான் விஷயம், மற்றதெல்லாம் மேல்பூச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் எப்படி இருப்பார் என்று அவருக்குத் தெரியாதா? குழாய் சொட்டுகிறது, கேட் கிறீச்சிடுகிறது, கறிவேப்பிலையை இப்படியா உருவுவது என்று மத்தியானத்துக்குள் மூன்று சண்டை, சாயந்தரம் ஆகும் முன்னால் ஏதோ சாக்குச் சொல்லிப் பட்டறைக்கு வந்து, வாட்ச்மேனோடு உட்கார்ந்து, பூட்டின ஷெட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். இனி எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை. பயம்தான், வேறென்ன. ஆனால் ரெண்டு வருஷம் கொடுத்துவிட்டால் அது ரெண்டு வருஷம் தள்ளிப்போகும், அதற்குள் உடம்பு பழகிவிடும், ஏதாவது வழி பிறக்கும். கொடுப்பார்கள். கொடுக்காமல் எங்கே போவார்கள்? சேஸிஸ் ஓட்டி வந்தவன் புரண்டு படுத்தான்.

"ரெண்டாவது விஷயம்," என்றாள் நிரஞ்சனா, "ஓனரா யோசிங்க, நன்றியுள்ள ஸ்டாஃபா யோசிக்காதீங்க. அய்யா இருக்கணுமா, வேண்டாமா?" அப்பா, எவ்வளவு சுலபமாகக் கேட்கிறாள், டீயா காபியா என்று கேட்கிற மாதிரி. ஃபேன் ஓடியது. பிறகு பாய், "அய்யா இருக்கட்டுமுங்க, இதுல என்னங்க யோசிக்கறதுக்கு இருக்குது, ஒரு தைரியம்தானே" என்றார். நாச்சிமுத்துவுக்குக் கண்ணை மூடித் திறக்க வேண்டும்போல் இருந்தது. நல்ல மனுஷன், பாய் நல்ல மனுஷன், அவர் பெண் கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கலாம். அதற்குப் பிறகு அறையில் ஒரு மௌனம் விழுந்தது. இந்த மௌனத்தை அவருக்குத் தெரியும், இத்தனை வருஷமும் ஒவ்வொரு மீட்டிங் கடைசியிலும் விழுகிற மௌனம் இது, மூன்று ஜோடிக் கண்ணும் அவர் மேல் வந்து நிற்கிற மௌனம். காத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்போது பார்த்துத் தொண்டையில் கரகரத்தது. நிஜமாகவே கரகரத்தது, மத்தியானம் மோர்மிளகாய் ரெண்டு கூடுதலாகக் கடித்துக்கொண்டார், அதுவாகத்தான் இருக்கும். இல்லையென்றால் இதுநாள்வரை இல்லாத கரகரப்பு சரியாக இந்த நேரம் பார்த்தா வரும்? ஒரு செருமல் போதும். சின்னதாக, இருமல் மாதிரி, தப்பித்தவறி வந்துவிட்ட மாதிரி. முடிஞ்சுது, போயி வேலையப் பாரு. பாய் பேப்பரை மடக்குவார், சாமியப்பன் ஆமாங்க என்பான், நிரஞ்சனாவுக்குச் சந்தேகம் வந்தாலும் வயசானவர் இருமினதைக் குற்றம் என்று சொல்ல முடியுமா? ரெண்டு வருஷம் கைக்கு வந்துவிடும். தொண்டை அரித்தது, கண்ணில் நீர் கட்டியது. யாருக்காக அடக்குகிறோம்? பூனாக்காரனுக்காகவா? அவன் கிடக்கிறான். இந்த மூன்று பேருக்காகவா? இவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், வாடகை வண்டி பேசுகிறவர்கள் பிழைத்துக்கொள்ளாமலா. அப்படியானால் எதற்காக? எச்சிலைக் கூட்டி விழுங்கினார், போகவில்லை, மறுபடி விழுங்கினார், கையால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு மூன்றாம் தடவையும் விழுங்கினார். கரகரப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி எங்கேயோ போய்விட்டது. முதுகு ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"வேண்டாமுங்க," என்றாள் விசாலாட்சி. "அய்யா இங்க இருந்தாங்கன்னா நான் அய்யாவோட மூஞ்சியத்தான் பாப்பேன். எனக்கு என்னையப் பத்தித் தெரியுமுங்க. இப்பக்கூட முதுகத்தான் பாத்துட்டு இருந்தேன், தோள்பட்டை ஒசந்துச்சுன்னா சரி, எறங்குச்சுன்னா வேண்டாம்னு மனசுக்குள்ள ஒரு கணக்கு. வெக்கமா இருக்குதுங்க. ரெண்டு வருசம் அப்படியே போயிரும், அப்பறம் அய்யா கெளம்பற அன்னைக்கும் நாங்க இன்னைக்கு மாதிரியேதான் நிப்போம்." பாய் ஏதோ சொல்ல வாயெடுத்து, பாதியில் நிறுத்தினார். பிறகு, "அதுவும் வாஸ்தவந்தாம்மா" என்றார். சாமியப்பன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆள் மாடு மாதிரி இருப்பான், அழுகிறானா என்ன. "கீலத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவனுங்க நானு," என்றான், "அய்யா ரூம்ல இருந்தா நாளைக்கும் தூக்கிட்டுப் போயி நிப்பேன். எனக்கும் வேண்டாமுன்னுதாங்க படுது." மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொல்லிவிட்டார்கள், முதல் முறையாக, ஒருத்தரையும் பார்க்காமல். நாச்சிமுத்து தன்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், அதாவது மனசால். வலிக்கிறதா? வலித்தது, சந்தேகம் என்ன, பல்லைப் பிடுங்கின இடத்தில் மரமரப்பு தெளியும்போது வலிக்குமே அப்படி, தள்ளி எங்கேயோ. இவர்கள் சொன்னதில் ஒரு இடத்திலாவது தப்பு இருக்கிறதா என்று தேடினார். கிடைக்கவில்லை. தானே அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம் என்பதுதான் பொறுக்க முடியாமல் இருந்தது. நிரஞ்சனா எதையோ எழுதிக்கொண்டாள், பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது, சரி, முடிந்தது, டீ குடிக்கப் போகலாம் என்றாள். நாற்காலிகள் பின்னால் தள்ளப்பட்டன. அப்போது சாமியப்பன் குரலைத் தாழ்த்தி, நிஜமான கவலையோடு, ரெண்டு எட்டுத் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறவரை வைத்துக்கொண்டே கேட்டான்: "அது சரீங், இத அய்யாகிட்ட யாரு சொல்றது?"

நாச்சிமுத்து அசையவில்லை. சிரிப்பு வந்தது, அதுவும் தொண்டையில்தான் வந்து நின்றது. "நானே சொல்றனுங்க," என்றாள் விசாலாட்சி, "இங்க வெச்சு வேண்டாம். சாயந்தரம் அய்யா வூட்டுக்குப் போயி, அம்மாவும் இருக்கும்போது சொல்றேன். அவிங்களுக்கும் தெரியோணுமில்ல." அதுதான் சரி என்றார் பாய். சொல்லிவிட்டு எல்லாரும் வெளியே போனார்கள், போகும்போது கதவை, உள்ளே ஒருத்தர் தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல, சத்தம் வராமல் சாத்தினார்கள். திரும்பலாம், இனி யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் திரும்பத் தோன்றவில்லை. விசாலாட்சி இதுவரை அவர் வீட்டுக்கு ஒரு கெட்ட சேதி கொண்டுவந்ததில்லை. வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவாள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதி மறந்துபோகும், சோபா நுனியில் உட்காருவாள். இடையில் புகுந்து, தெரியும் கண்ணு, கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன் என்று சொல்லிவிட்டால் அவள் பாடு எளிது. சொல்லக் கூடாது. அவள் எடுத்த முடிவு, அவளே முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். சரஸ்வதி எடுத்ததும், "சாயந்தரம் விசாலாட்சி வருது, காப்பிக்கு டிகாஷன் எறக்கி வையி" என்றார். இந்த வேளையில் அவர் போன் போடுவதே அபூர்வம். அவள் கொஞ்சம் தயங்கி, "வூட்டுக்கா? என்ன விசயமாம்?" என்றாள். ஜன்னலுக்கு வெளியே வெல்டிங் ஆரம்பித்திருந்தது. நாச்சிமுத்து போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"தெரியல," என்றார். "அது வந்துதான் சொல்லோணும்."